நிதி திரட்ட மலையேறப் போகும் தம்பிக்கு

தம்பி, பிரிட்டனுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆன நிலையில், உடன் பணிபுரிவோர் இறுதிநிலை நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றுக்காக 24 மணி நேரத்தில் மூன்று சிகரங்கள் ஏறப் போவதாகவும், உங்களையும் அழைப்பதாகவும், ஆளுக்கு 500 பவுண்டு திரட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். என்ன காலணி வாங்குவது, மறுத்தால் தவறாக நினைப்பார்களா, முன்பின் பழகாதவர்களிடம் பணம் கேட்பது எப்படி, மலை கடினமா என்று நான்கு கேள்விகளும் கேட்டிருந்தீர்கள். மறுத்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காலணியைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கி, மலைக்குப் போகுமுன் இரண்டு மாதமாவது அதை அணிந்து நடந்து பழக்குங்கள். மற்ற இரண்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏனெனில் 2004ஆம் ஆண்டு, இந்த நாட்டுக்கு வந்த ஐந்தாம் மாதத்தில், இதே மூன்று சிகரங்களுக்கு நானும் பெயர் கொடுத்தேன்.

முதலில் இதன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர், இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர், வேல்ஸின் ஸ்னோடன் 1,085 மீட்டர். எண்களைப் பார்த்தால் சிறிய மலைகளாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நடையும் 3,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஏற்றமும் இருக்கின்றன. பென் நெவிஸின் உச்சியில் 1883 முதல் 1904 வரை வானிலை ஆய்வகம் ஒன்று இயங்கியது. அங்கே குறித்துவைத்த கணக்குப்படி ஆண்டின் சராசரி வெப்பநிலையே உறைநிலையை ஒட்டித்தான் இருந்தது. அடிவாரத்தில் வெயில் காய்கிற ஜூன் மாதத்திலும் மேலே பனித்திட்டுகள் கிடக்கலாம்.

நடையைவிட நான் அஞ்சுவது இடையில் வரும் கார்ப் பயணத்தைத்தான். மூன்று மலைகளுக்கும் இடையே சாலை வழியாக 460 மைலுக்கு மேல் இருக்கிறது. மாலையில் பென் நெவிஸ் ஏறி இறங்கியவர்களே இரவு முழுவதும் வண்டி ஓட்டிக்கொண்டு தெற்கே போகிறார்கள். ஆகவே உங்கள் குழுவினரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டி ஓட்டுவதற்கென்றே மலை ஏறாத ஓர் ஓட்டுநர் இருக்கிறாரா என்பதாகும். இல்லையென்றால் போகாதீர்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, புதிதாக வந்தவன் குறை சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறியவன் நான்.

அன்று நாங்கள் ஆறு பேர், நாங்களும் இறுதிநிலை நோயாளிகளுக்கான ஓர் இல்லத்துக்காகவே திரட்டினோம். எங்களுக்கு நிதி திரட்டத் தந்த படிவத்தில் அலுவலகத்தில் ஆளுக்கு ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு என்று எழுதினார்கள். மாலையில் எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யவரும் அம்மா ஒருவர், கைத்துடைப்பத்தை மேசையோரம் சாய்த்துவைத்துவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து இரண்டு ஒரு பவுண்டு நாணயங்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டுப் போனார். தம் தாயார் அப்படி ஓர் இல்லத்தில்தான் இறந்தார் என்று மட்டும் சொன்னார். அந்த நாணயங்களை நான் நன்கொடை உறையில் போடவில்லை. என்னுடைய இரண்டு பவுண்டை உறையில் போட்டுவிட்டு, அவற்றைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

அதிகாலை மூன்று மணிக்கு, இரண்டாவது சிகரமான ஸ்காஃபெல் பைக்கின் அடிவாரத்தில் இருக்கும் வாஸ்டேல் பள்ளத்தாக்கில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. நான் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் மெல்லிய மழையங்கியும் அணிந்திருந்தேன். பருத்தி ஒருமுறை நனைந்தால் எளிதில் உலராது, உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாதி ஏற்றத்தில், பாறைகள் சிதறிக்கிடக்கும் ஒரு சமவெளியில், குழுவில் இருவர் தங்களால் முடியாது என்று சொல்லித் திரும்பிவிட்டனர். எனக்கும் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. அவர்களோடு நானும் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பையில் கையை விட்டால் அந்த இரண்டு நாணயங்கள் தட்டுப்பட்டன. பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் திரும்புவது ஏமாற்று என்று நினைத்தேன். உச்சியைத் தொட்டோம், மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது இடப்பக்கம் திரும்பவேண்டிய கணவாயில் நேராக இறங்கி, பியர்ஸ் கில் என்ற செங்குத்தான நீர்ப்பள்ளத்தை நோக்கிப் போய்விட்டோம். இன்றுவரை பலர் அதே இடத்தில்தான் வழிதவறுகிறார்கள்.

சிறிது நேரத்தில் என் விரல்களால் மழையங்கியின் ஜிப்பைப் பிடித்து இழுக்க முடியவில்லை. பேச்சு குழறியது. எனக்குக் குளிரவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதாக நண்பர்கள் பின்னர் கூறினார்கள். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒருவர் மீண்டும் மேலேறிப்போய், அலைபேசிக்கு அலைவரிசை கிடைத்த இடத்திலிருந்து அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்தார். மூன்று மணி நேரம் கழித்து மலை மீட்புக் குழுவினர் வந்தனர். அவர்களில் ஒருவர் என் ஈரச்சட்டையைக் கழற்றி, தம் பையிலிருந்த கம்பளிச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டு, தலைக்கு மேல் கூடாரத் துணியைக் கவிழ்த்து, என்னைச் சுற்றி எல்லோரையும் நெருங்கி உட்காரவைத்தார். அவர் குழாய் வேலை செய்பவர். அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு வீட்டில் அவருக்கு வேலை இருந்தது. இந்த நாட்டில் மலை மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்குவதில்லை என்பதையும், அவர்களுடைய குழுக்களே மக்கள் தரும் நன்கொடையில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ஒரு தொண்டுக்குப் பணம் சேர்க்கப் போய், இன்னொரு தொண்டின் தூக்கத்தையும் உழைப்பையும் செலவழித்துவிட்டோம்.

திங்கட்கிழமை, மலையை முடிக்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர முயன்றேன். ஒருவரும் வாங்கவில்லை. அந்த அம்மாவிடம் இரண்டு நாணயங்களையும் நீட்டியபோது, எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். தம்பி, இங்கே பணம் கொடுப்பவர்கள் உங்கள் உயிரைப் பந்தயம் வைத்துக் கொடுப்பதில்லை. பாதியில் திரும்பினால், திரும்பியதை உள்ளது உள்ளபடி எழுதிவிடுங்கள். யாராவது திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். என்னிடம் இந்த இருபது ஆண்டுகளில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பணம் கேட்பதைப் பற்றி இப்போது சொல்கிறேன். முதல் தொகையை நீங்களே போடுங்கள். நீங்கள் போடாத உண்டியலில் மற்றவர் போட மாட்டார். உங்கள் நிறுவனம் ஊழியர் திரட்டும் தொகைக்குச் சமமாகத் தானும் தருமா என்று விசாரியுங்கள். பல நிறுவனங்கள் தருகின்றன. வருமான வரி செலுத்துபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கிஃப்ட் எய்டு என்ற ஏற்பாட்டின்படி அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகத் தொண்டு நிறுவனத்துக்குக் கிடைக்கும். சம்பளத்தில் வரி பிடிக்கப்படும் புதியவர்களும் இதில் சேருவார்கள். ஆனால் வரி செலுத்தாத ஒருவரைப் படிவத்தின் கிஃப்ட் எய்டு கட்டத்தில் குறியிடச் சொல்லாதீர்கள். அந்தத் தொகையை வரித்துறை அவரிடமே கேட்க நேரலாம். நிதி திரட்டும் இணையத் தளங்கள் கொடுப்பவரிடம் தங்களுக்கென்றும் ஒரு சிறு தொகை கேட்கும். அது கட்டாயமில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களில் சிலர் செய்வது எனக்கு உடன்பாடில்லை. 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவுக்குப் போவதற்கு, குறைந்தபட்சத் தொகையைத் திரட்டித் தந்தால் பயணச் செலவைத் தொண்டு நிறுவனமே ஏற்கும் என்ற ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டு, கொடுக்கும் பணத்தில் எவ்வளவு விமானத்துக்கும் விடுதிக்கும் போகிறது என்பதை உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லாமலே கேட்கிறார்கள். அப்படிப்பட்ட பயணத்துக்குப் போகிறவரும் அவருடைய மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினரும் தரும் பணத்துக்குப் பொதுவாகக் கிஃப்ட் எய்டும் கிடைக்காது. இதைவிட மோசமானது, நிவாரணம் என்று சொல்லித் தங்கள் சொந்த வங்கிக் கணக்கிலேயே வசூலிப்பது. அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் கணக்குக் காட்டாத நேர்மையை நம்பும்படி மற்றவரைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. உங்கள் குழு யாருக்காகத் திரட்டுகிறதோ அந்த நிறுவனத்தின் பதிவு எண்ணை அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

துணிச்சல் காட்டினால் தொண்டு ஆகிவிடும் என்று எண்ணுபவர்களுக்கு, 1999இல் இஞ்சுரி என்ற மருத்துவ இதழில் வந்த ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். டேசைட் பகுதியில் ஐந்து ஆண்டுகளாகப் பாராசூட்டில் குதித்துக் காயமடைந்தவர்களை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். காயமடைந்த 174 பேரில் 94 சதவீதத்தினர் தொண்டுக்காக முதன்முறை குதித்தவர்கள். ஆளுக்குத் திரட்டியது 30 பவுண்டு. திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் பொதுச் சுகாதாரச் சேவைக்கு 13.75 பவுண்டு செலவானது. இன்று முதன்முறை குதிப்பவரைப் பெரும்பாலும் பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கவைப்பதால் நிலைமை வேறு. ஆயினும் மலைக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அந்த விபத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் மலைப்பக்கமே போகவில்லை. பிறகு வரைபடத்தையும் திசைகாட்டியையும் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதியை அங்கேதான் படித்தேன்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் குழுவின் கால அட்டவணையை இந்த விதியால் சோதித்துப் பாருங்கள். ஆபத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். மூன்று முறை ஊதல் கேட்டால் உதவி வருகிறது என்று பொருள். 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பவும் வசதி உண்டு, ஆனால் அலைபேசியை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்; இன்றே செய்துவிடுங்கள்.

உங்கள் குழுவினர் கேட்பார்களானால், யார்க்‌ஷயரின் மூன்று சிகரங்களைச் சொல்லிப் பாருங்கள். பென்-இ-கென்ட், வேர்ன்சைட், இங்கிள்பரோ மூன்றும் ஒரே சுற்றில், 24 மைல், 12 மணி நேரம். இடையில் வண்டியே ஏற வேண்டாம், வாஸ்டேல் மக்களை நள்ளிரவில் கார்க் கதவைச் சாத்தி எழுப்பவும் வேண்டாம். 2009 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் நான் அதை நடந்திருக்கிறேன். அதில் சேரும் பணத்தில் பாதியை மலை மீட்புக் குழுவுக்கு அனுப்புகிறேன். புதிதாக வந்தவர்களையும் அழைத்துப் போவேன். கிளம்பும் இடத்தில் ஒவ்வொருவரின் பையையும் திறந்து பார்த்து, ஜீன்ஸ் அணிந்து வந்தவரை அன்று ஏறவிட மாட்டேன். இதனால் இருவர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

எப்படியானாலும் உங்கள் பக்கத்தின் இணைப்பை எனக்கு அனுப்புங்கள். பயணச் செலவு உங்கள் சொந்தப் பையிலிருந்து என்றும், ஓட்டுநர் தனியாக இருக்கிறார் என்றும் அதில் எழுதியிருந்தால், முதல் இருபது பவுண்டு என்னுடையது.