பனித்தரையில் மண்டியிட்டவர்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஆசிரியர் என்றாலே கோடை முழுக்க ஊர் சுற்றுகிறவர், சங்கம் வைத்துச் சம்பளம் கேட்கிறவர் என்ற பேச்சு இருக்கிறதாமே? கம்பெனிகள் பள்ளிக்கூடத்துக்குள் வந்த பிறகுதான் அங்கே பொறுப்பு வந்தது என்கிறார் அங்கிருக்கும் என் மைத்துனர். சரிதானா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: சரியில்லை. 2021 டிசம்பரில் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் நடந்ததை உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் இடைவேளை. பனித்தரை நடுவில் ஒரு விரிப்பைப் போட்டு 5,000 டாலரை ஒற்றை டாலர் நோட்டுகளாகக் கொட்டினார்கள். பத்து ஆசிரியர்கள் மண்டியிட்டு, போட்டி போட்டு அள்ளிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. பணம் தந்தது ஒரு வீட்டுக்கடன் நிறுவனம். அத்தனையும் வகுப்பறைச் செலவுக்காக! ஊர் கொதித்த பிறகு அதை நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2014-15 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் வகுப்புக்கு வேண்டியதைச் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார்கள், சராசரியாக 479 டாலருக்கு. இது அரசே எடுத்த கணக்கு.

அங்கே ஆசிரியரைப் பற்றிய பிம்பம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாறிய ஒவ்வொரு முறையும் யாருக்கோ செலவு மிச்சமானது. 19ஆம் நூற்றாண்டில் பெண்களுக்குப் பிள்ளைகளை வளர்க்கும் மனசு இயல்பிலேயே உண்டு என்று புகழ்ந்து ஆசிரியராக்கினார்கள். ஆண்களுக்குத் தந்ததைவிடக் குறைந்த சம்பளம். கல்யாணம் செய்துகொண்டால் பல ஊர்களில் வேலை போய்விடும். 1983இல் மத்திய அரசு அமைத்த குழு, பள்ளிகளின் தரம் சரிந்து நாடே ஆபத்தில் இருக்கிறது என்று அறிக்கை தந்தது. ஜப்பான் கார்களோடு போட்டி போட முடியாத குறையும் பள்ளிக்கூடத்தின் தலையில் விழுந்தது. தியாகியாக இருந்த டீச்சர் அப்புறம் சோம்பேறி ஊழியர் ஆகிவிட்டார்.

கம்பெனிகளின் பொறுப்பைப் பாருங்கள். 1990இல் ‘சேனல் ஒன்’ என்ற டிவி நிறுவனம் பள்ளிகளுக்கு இலவசமாக டிவி கொடுத்தது. பதிலுக்குப் பிள்ளைகள் தினமும் 12 நிமிட நிகழ்ச்சி பார்க்க வேண்டும், அதில் 2 நிமிடம் விளம்பரம். அப்புறம் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆசிரியருக்கே மார்க் போட்டார்கள். பிள்ளைகளுக்கிடையே உள்ள மதிப்பெண் வித்தியாசத்தில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம்தான் என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் எடுத்துச் சொன்னது. மோசமான ஆசிரியர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. அவர்களைக் கண்டுபிடிக்கும் வழி இதுவல்ல.

சங்கம் வைத்துச் சம்பளம் கேட்கிறவர்கள் என்றீர்கள். ஆம், கேட்டார்கள். 2018இல் மேற்கு வர்ஜீனியாவின் 55 மாவட்டங்களிலும் பள்ளிகளை மூடவைத்து, 5 சதவீத உயர்வை வாங்கினார்கள். பள்ளி மூடினால் மதியச் சாப்பாடு கிடைக்காத பிள்ளைகள் அங்கே ஏராளம். அதனால் வேலைநிறுத்தத்துக்கு முன்பே அந்தப் பிள்ளைகளுக்கான சாப்பாட்டைப் பைகளில் கட்டிவைத்தவர்களும் இதே ஆசிரியர்கள்தான்.