இருபது பவுண் எவ்வளவு நேரம் நீடிக்கிறது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் லண்டனின் வடமேற்குப் பகுதியில் மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தவன்; ஒரு மொத்த விற்பனைக் கிடங்கில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு பப்பில் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போவது பல ஆண்டுப் பழக்கம். நான் குடிப்பது மிகக் குறைவு. அங்குள்ள இரண்டு ஃப்ரூட் மெஷின்களுக்காக, அதாவது சுழலும் உருளைகளில் படங்கள் பொருந்தினால் பணம் தரும் சூதாட்ட மெஷின்களுக்காகத்தான் போகிறேன் என்பதை மறைப்பதில் பயனில்லை.

என் மனைவி இதை நோய் என்கிறார். நான் விளையாடும் முறையை அறிந்தால் நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உள்ளே நுழைந்தவுடன் காசைப் போடுகிறவன் அல்ல நான். மெஷின்கள் கண்ணில் படும்படி ஒரு மேசையில் உட்கார்ந்து, யார் எவ்வளவு போடுகிறார்கள், அது ஏதாவது திருப்பிக் கொடுக்கிறதா என்று கவனிப்பேன். ஒருவர் நோட்டு நோட்டாகப் போட்டுவிட்டு வெறுங்கையுடன் எழுந்து போனால், அதன் பிறகே நான் எழுவேன். இது மூடநம்பிக்கை அல்ல. முந்தைய ஆட்டங்கள் இந்த மெஷினின் போக்கைப் பாதிக்கக்கூடும் என்று அதன் மேலேயே அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. ஹோல்ட் விளக்கு எரியும்போது எந்த உருளையைப் பிடித்து நிறுத்த வேண்டும், நட்ஜ் கிடைத்தால் எதை நகர்த்த வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமலே என் விரல்களுக்குத் தெரியும். அடுத்து வரும் எண் கூடுமா குறையுமா என்று மெஷின் கேட்கும் கட்டத்தில் பேராசைப்பட்டு எல்லாவற்றையும் தொலைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் கிடைத்ததை எடுத்துக்கொள்வேன். ஒரு நாளுக்கு 20 பவுண் என்று எல்லையும் வைத்திருக்கிறேன். ஜாக்பாட்டான 100 பவுணைப் பலமுறை எடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குகிறவர்களோடு என்னைச் சேர்ப்பது நியாயமா?

அண்மையில் என் மனைவி வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, அந்தப் பப்பின் பணமெடுக்கும் இயந்திரத்திலிருந்து ஒரே மாலையில் இரண்டு, மூன்று முறை பணம் எடுத்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். மேலதிக நேர வேலை என்று நான் சொல்லியிருந்த மாலைகள் அவை. இழந்ததை மறுநாள் அதே மெஷினிலிருந்து எடுத்துவிடலாம் என்ற கணக்கு என்னிடம் இருந்ததால், அவரை வீணாகக் கவலைப்படுத்த நான் விரும்பவில்லை. இப்போது அவர் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. திறமையோடு ஆடுவது நோயாகுமா? இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்பிற்குரிய சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் உண்மையான கவனிப்பு இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவற்றைப் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதிர்ஷ்டம்தான் என்று பொதுவாகச் சொல்லும் எந்த அறிவுரையையும் நீங்கள் ஒரு நொடியில் தள்ளிவிடுவீர்கள். அதற்கு உங்களுக்குக் காரணமும் உண்டு. பிரிட்டிஷ் பப்களில் வைக்கப்படும் மெஷின்கள் பெரும்பாலும், ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 1 பவுணும், பரிசாக அதிகபட்சம் 100 பவுணும் அனுமதிக்கப்பட்ட சி வகுப்பைச் சேர்ந்தவை. இந்த வகுப்பில் முற்றிலும் தற்செயலாக இயங்குபவையும் உண்டு. போட்ட பணத்தில் இத்தனை பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று குறிக்கப்பட்ட விகிதத்தை எட்டும்படி, கொடுத்ததையும் வாங்கியதையும் வைத்துத் தம் போக்கைத் தாமே சரிசெய்துகொள்பவையும் உண்டு. நீங்கள் சொல்லும் அறிவிப்பு இரண்டாம் இனத்துக்கு உரியது. ஆகவே காத்திருந்து ஆடுவதற்கு ஓரளவு பொருள் இருக்கிறது. ஆனால் அந்த விகிதம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் மீது கணக்கிடப்படுவது. பக்கத்து மேசைக்காரர் போட்ட சில நோட்டுகள் அந்த நீண்ட சுற்றில் எந்த இடத்தில் விழுந்தன என்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரியாது. தொடுதிரையில் பல ஆட்டங்களை ஒன்றாகக் கொண்ட இன்றைய பெட்டிகளில், அவர் காசு போட்டதும் நீங்கள் ஆடப்போவதும் வெவ்வேறு ஆட்டங்களாகவே இருக்கலாம்.

அந்த மெஷின்களில் இன்னோர் அறிவிப்பையும் பார்த்திருப்பீர்கள்: வெற்றிக்கு வாய்ப்பே இல்லாத தெரிவையும் இந்த மெஷின் சில வேளைகளில் ஆட்டக்காரர் முன் வைக்கக்கூடும் என்பது அதன் பொருள். கூடுமா குறையுமா என்ற கேள்வியில் திரையில் தெரிகிற எண் எதுவாக இருந்தாலும் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கலாம் என்பதைத் தயாரிப்பாளர்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். முதல் அறிவிப்பை ஆதாரமாகக் காட்டும் நீங்கள் இரண்டாவதைப் பற்றி எழுதவில்லை.

இனி உங்கள் திறமை எதை வாங்கித் தருகிறது என்று பார்ப்போம். மெஷின் சராசரியாக 80 சதவீதம் திருப்பிக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண் ஆட்டத்தில் சராசரி இழப்பு 20 பென்ஸ். வெல்வதையும் மீண்டும் போட்டுக்கொண்டே இருந்தால், உங்கள் 20 பவுண் ஏறத்தாழ 100 ஆட்டங்கள் நீடிக்கும். நல்ல நேரம் பார்த்து உட்காருவதாலும் நட்ஜைச் சரியாகப் பயன்படுத்துவதாலும் அந்த விகிதத்தை நீங்கள் 90 சதவீதமாக உயர்த்திவிட்டீர்கள் என்றே கொள்வோம். இது உங்களுக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்துப் போடும் கணக்கு. இப்போது அதே பணம் 200 ஆட்டங்கள் நீடிக்கும். இரண்டு நிலைகளிலும் கடைசியில் கையில் இருப்பது ஒன்றுதான், அதாவது ஒன்றுமில்லை. மாறியது நேரம் மட்டும். நிமிடத்துக்கு 8 முறை பொத்தானை அமுக்கினால் முதல் நிலையில் சுமார் 12 நிமிடம், இரண்டாவதில் சுமார் 25 நிமிடம். (அந்தப் பப், மெஷினின் நிகர வருவாயில் 20 சதவீதத்தை அரசுக்கு வரியாகக் கட்டிய பிறகும் அதை மூலையில் வைத்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். உங்களைப் போன்ற கெட்டிக்கார வாடிக்கையாளர்களால் அவர்கள் நொடித்துப் போகவில்லை.)

இது என் ஊகம் மட்டும் அல்ல. பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ், வழக்கமாக ஃப்ரூட் மெஷின் ஆடுபவர்களையும் எப்போதாவது ஆடுபவர்களையும் ஒப்பிட்டு 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒவ்வொருவருக்கும் 3 பவுண் கொடுத்து, உண்மையான மெஷினில் ஆடவைத்து, ஒரு பகுதியினரை மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டார். வழக்கமான ஆட்டக்காரர்கள் தமக்குத் திறமை அதிகம் என்று நம்பினார்கள். மெஷினை ஓர் ஆளைப் போலப் பாவித்து, அது கோபத்தில் இருக்கிறது, இப்போது கொடுக்கும் என்றெல்லாம் பேசினார்கள். ஆனால் பண வெற்றியில் அவர்கள் மற்றவர்களைக் குறிப்பிடத்தக்க அளவில் மிஞ்சவில்லை. போட்ட பணத்தை மீட்டெடுத்த பிறகும் அவர்களில் பலர் எழுந்து போகாமல், எல்லாம் தீரும்வரை ஆடினார்கள். அவர்கள் பணத்துக்காக ஆடவில்லை, ஆடிக்கொண்டிருப்பதற்காகவே பணத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்ததும் அதுதான்.

மயிரிழையில் தவறிய வெற்றிகளும் இதில் சேர்கின்றன. மூன்று சின்னங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது ஒரு படி தள்ளி நிற்பது கணக்கின்படி முழுத் தோல்வி. ஆனால் அது மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளைத் தூண்டுவதையும், மேலும் ஆட வேண்டும் என்ற விருப்பத்தைக் கூட்டுவதையும் லூக் கிளார்க்கும் அவருடைய கேம்பிரிட்ஜ் குழுவினரும் 2009-இல் காட்டினார்கள். ஹோல்டும் நட்ஜும் உள்ள மெஷினில் அந்தத் தவறல், இன்னும் கொஞ்சம் கைதேர்ந்தால் கிடைத்துவிடும் என்ற பாடமாக மாறுகிறது. எனவே நீங்கள் கெட்டிக்காரர் என்பதாலேயே இந்த மெஷின் உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பிடித்துப்போகிறது.

இது நோயா என்று கேட்டீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் அதை முடிவு செய்யக் கூடாது, செய்யவும் மாட்டேன். மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் ஒன்பது அறிகுறிகள் உண்டு. ஓராண்டுக் காலத்தில் அவற்றில் நான்கு இருந்தால் அதைச் சூதாட்டக் கோளாறு என்பார்கள். இழந்ததை மீட்க மறுநாள் திரும்பிப் போவது அவற்றில் ஒன்று. ஆட்டத்தின் அளவை மறைக்கப் பொய் சொல்வது இன்னொன்று. இரண்டையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 20 பவுண் எல்லையைப் பணமெடுக்கும் இயந்திரம் ஒரே மாலையில் இரண்டு, மூன்று முறை மீறியிருக்கிறது என்பதும் அந்த வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு மாலையும் உள்ளே போட்டது, வெளியே எடுத்தது, மெஷின் முன் கழித்த நேரம் ஆகிய மூன்றையும் அன்றைக்கே எழுதுங்கள். நூறு பவுண் விழுந்த மாலை தானாக நினைவில் நிற்கும். மற்ற மாலைகளைத் தாள்தான் நினைவில் வைக்கும். பப்புக்கு வங்கி அட்டையைக் கொண்டு போகாதீர்கள். சூதாட்டச் செலவுகளைத் தடுக்கும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன, ஆனால் ரொக்கமாக எடுத்து மெஷினில் போடும் பணத்தை அது தடுப்பதில்லை. சூதாட்டத் தளங்களிலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் பதிவும் இணையச் சூதாட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே உங்கள் விஷயத்தில் அட்டையை வீட்டில் வைப்பது, வேறு வழியாக வீடு திரும்புவது போன்ற எளிய ஏற்பாடுகளே வேலை செய்யும்.

அந்தத் தாளை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். அவருக்கு மெஷினின் நுணுக்கங்களைப் புரியவைக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். ஹோல்டும் நட்ஜும் அவருடைய வருத்தத்துக்குக் காரணம் அல்ல, மேலதிக நேர வேலை என்று நீங்கள் சொன்னதே காரணம். ஒரு மாதம் முடிவதற்குள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்றாலோ, கையில் லாபம் இருந்தும் எழுந்து வர முடியவில்லை என்றாலோ, தேசியச் சூதாட்ட உதவி எண்ணான 0808 8020 133-ஐ அழையுங்கள். அழைப்பு இலவசம், இரவிலும் எடுப்பார்கள். ஆட்டக்காரரின் குடும்பத்தினரோடும் அவர்கள் பேசுவார்கள் என்பதால், உங்கள் மனைவி விரும்பினால் அந்த மாதம் முடியும்வரை காத்திராமல் இன்றே அழைக்கலாம்.

அன்புடன்,
ஆலோசகர்