பிடி மக்காச்சோளம் போட்டால் படைப்புழு செத்துவிடுமா?

சாகும். ஆனால் எல்லாப் புழுவும் சாகாது, காலத்துக்கும் இப்படியே செத்துக்கொண்டும் இருக்காது. (பிடி என்றால் புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உருவாக்கும்படி மரபணு மாற்றிய பயிர்; படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று அழிக்கும் ஓர் அந்துப்பூச்சியின் புழு.) நம்மூரில் இன்னும் அதை விதைக்கவும் முடியாது. இந்தியாவில் பிடி பருத்திக்கு 2002 இல் அனுமதி கிடைத்தது, மக்காச்சோளத்துக்குக் கிடைக்கவில்லை.

மருந்து மேலே பட்டுச் சாகிற கதை இல்லை இது. புழு கடித்துத் தின்றாக வேண்டும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (இதன் சுருக்கம்தான் 'பிடி') என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்திருப்பதால், இலையிலேயே 'க்ரை' புரதம் உருவாகிறது. புழுவின் நடுக்குடல் காரத்தன்மை கொண்டது. அங்கே அந்தப் புரதம் குடல் செல்களில் உள்ள ஏற்பிகளை, அதாவது அது ஒட்டிக்கொள்ளும் இடங்களை, பிடித்துக்கொண்டு ஓட்டை போடும். செல் வீங்கி வெடிக்கும். புழு முதலில் தின்பதை நிறுத்தும். உயிர் போக ஓரிரு நாள் ஆகலாம்.

பேரையூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் போடும் என் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அதத் தின்ற நாமக்கல் கோழி என்னப்பா ஆகும்?" என்றார். ஒன்றும் ஆகாது. கோழி வயிற்று அமிலத்தில் அது மற்ற புரதம் போலச் செரிக்கும். அந்த ஏற்பிகளும் கோழிக்குடலில் இல்லை.

சிக்கல் பிழைக்கிற புழுவில்தான். முட்டையிலிருந்து வந்த குஞ்சுப்புழு சட்டென்று சாகும். வளர்ந்த புழு தாங்கும், மெதுவாக வளர்ந்து அந்துப்பூச்சியும் ஆகிவிடும். படைப்புழு 2018 இல் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, 2006 இல் போர்ட்டோ ரிக்கோவில் 'க்ரை1எஃப்' என்ற ஒரு வகை க்ரை புரதம் உள்ள மக்காச்சோளத்தைத் தின்று பிழைத்தது. பிறகு பிரேசிலிலும் அதே கதை. அதனால்தான் இப்போது அங்கெல்லாம் 'விப்3ஏ' என்ற வேறு வகைப் புரதத்தையும் சேர்த்து விதைக்கிறார்கள்.

புழு இப்படிப் புரதத்தைத் தாங்கப் பழகுவதை, அதாவது எதிர்ப்பைத் தள்ளிப்போட, பக்கத்திலேயே பிடி இல்லாத சாதா மக்காச்சோளமும் விதைக்க வேண்டும். அதில் வளரும் எதிர்ப்பில்லாத பூச்சிகள், தப்பித்தவற்றோடு இணைந்தால் பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் பிடி செடியில் சாகும். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரு பகுதியைப் புழுவுக்கு விடுங்கள் என்றால் கேட்பாரா? பருத்தியில் 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதா விதைப் பொட்டலமும் கொடுத்தார்கள். பலர் அந்தச் சாதா விதையை விதைக்காமல் ஒதுக்கிவிட்டார்கள். பருத்தியைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்போது பிடி பருத்தியில் உள்ள இரண்டு க்ரை புரதங்களையும் தாங்குகிறது. மக்காச்சோளத்துக்கு அனுமதி வந்தால், விதை மூட்டையிலேயே பிடி விதையையும் சாதா விதையையும் கலந்து விற்பதுதான் நம் பக்கம் நடக்கக்கூடிய வழி என்பேன்; அதிலும் புழு செடி விட்டுச் செடி தாவி, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகும் ஆபத்து உண்டு.