“என் கடை, என் விருப்பம்” என்று சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் முடி திருத்தும் கடையில் பட்டியல் சமூகத்தவரான எங்களுக்கு மட்டும் முடி வெட்டுவதில்லை. பிளஸ் ஒன் படிக்கும் என் மகனை, “உனக்கு வெட்டினால் மற்றவர்கள் வரமாட்டார்கள், என் கடை, என் விருப்பம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். தீண்டாமைக்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை, வழக்கு நிற்காது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: விளக்கம் இல்லை என்பது உண்மை. வழக்கு நிற்காது என்பது பொய். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது. அதன் பொருளை 1950களில் மைசூர் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: தொற்றுநோய்க்காக ஒருவரை விலக்கி வைப்பதோ பிறப்பு, இறப்புத் தீட்டோ இதில் சேராது, சாதிமுறையில் காலங்காலமாக வளர்ந்த ஒதுக்கல்தான் தீண்டாமை. உங்கள் மகனுக்கு நடந்தது அதுதான்.

“என் கடை” என்ற பேச்சுக்கும் இடமில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ‘கடை’ என்பதில் சலவைக் கடையையும் முடி திருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மற்றவர்களுக்குச் செய்யும் சேவையை அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் உங்களுக்கு மறுப்பது 6ஆவது பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் அபராதம். (நூறு ரூபாய் இன்று ஒரு முடிவெட்டுக்கே சரியாகிவிடும்.) அதனால், கடைக்காரர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர் என்றால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் புகாரில் குறிப்பிடுங்கள். கடைக்குள் வரவிடாமல் தடுப்பதற்கு அதில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

புகாரில் தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள், அப்போது நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டிருந்தவர் யார் என்பதெல்லாம் இருக்கட்டும். “முதலில் விசாரிக்கிறோம்” என்று காவல் நிலையத்தில் இழுத்தடித்தால், வன்கொடுமைச் சட்டத்தின் 18அ பிரிவைக் காட்டுங்கள்: முதல் தகவல் அறிக்கை பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. சமாதானம் பேச உட்கார வைத்தால் உட்காராதீர்கள்.

கடைக்காரரும் ஊர்ப் பெரியவர்களுக்குப் பயந்து பிழைப்பவராக இருக்கலாம். அந்தப் பயம் அவரைத் தப்பவிடாது. ஆனால் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு. வெட்டக் கூடாதென்று அவரிடம் சொன்னவர்கள் யாரென்று தெரிந்தால், அவர்கள் பெயரையும் புகாரில் எழுதுங்கள்.