54 வயதில் பைக் பழகுகிறேன், கை நடுங்குகிறது: பயமா, சர்க்கரையா?

கேள்வி: எனக்கு 54 வயது. பாலக்கோடு பக்கம் விவசாயம். இத்தனை வருடமும் சைக்கிள்தான். மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனபின் அவனுடைய 100 சிசி பைக் வீட்டில் சும்மா நிற்கிறது. தக்காளி மண்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரலாம் என்று பழக ஆரம்பித்தேன். 9 வருடமாகச் சர்க்கரை. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலை 5 மணிக்கு டீயோடு போட்டுக்கொண்டு, 6 மணிக்கு ஏரிக்கரைத் திடலுக்குப் போகிறேன். 7 மணி வாக்கில் கை நடுங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. திரும்பும்போது இரண்டு முறை வண்டி சாய்ந்துவிட்டது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியவில்லை. பாதம் மரத்த மாதிரி இருக்கிறது. கிளட்ச் பிடிக்கும் இடது கையில் விரல்கள் மதமதக்கின்றன. 'இந்த வயசுல இது தேவையா, பயந்து நடுங்குற' என்கிறார்கள் வீட்டில். பழகலாமா, விட்டுவிடவா?

பதில்: பழகலாம். பைக் பழக 54 வயது ஒரு தடையே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பயத்தைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வருகிறது. அது தெளிவாகும் வரை, ஒரு வாரம் பத்து நாள், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் அது தன் வேலையைச் செய்யும். போட்ட இரண்டு, மூன்று மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்துக்கு வரும். 5 மணிக்கு மாத்திரை, வெறும் டீ, பிறகு வண்டியைத் தள்ளுவதும் தாங்குவதுமாக ஒரு மணி நேர உழைப்பு. 7 மணிக்கு நடுங்கி வியர்ப்பது, ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் தாழ்சர்க்கரைக்கு அப்படியே பொருந்துகிறது. பயத்தால் வரும் நடுக்கம் வண்டியில் ஏறும்போதே இருக்கும், ஓட்ட ஓட்டக் குறையும். உங்களுக்குப் போகப் போகக் கூடுகிறது.

ஊகத்தில் விட வேண்டாம், குளுக்கோமீட்டரில் பார்த்துவிடலாம். நடுக்கம் வரும்போது 70-க்குக் கீழே காட்டினால் தாழ்சர்க்கரைதான். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. பிஸ்கட் மட்டும் தின்றால் ஏற நேரமாகும். சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் வண்டியைத் தொடக்கூடாது. மீட்டரில் எண் ஏறிவிட்டாலும் மூளையின் நிதானம் திரும்பத் தாமதமாகும். இனி வண்டி எடுக்கும் முன் 90-க்கு மேல் இருக்க வேண்டும். குளுக்கோஸ் பாக்கெட் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோபுரோலால் போல ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அவை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அப்போது வியர்வைதான் முக்கிய அடையாளம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மீட்டர் காட்டிய எண்களை ஒரு தாளில் எழுதி உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். கிளிமிபிரைடைக் காலைச் சாப்பாட்டை ஒட்டிப் போடச் சொல்வார், இல்லை அளவைக் குறைப்பார். களியோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு 8 மணிக்குமேல் பழகினால் பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும்.

அடுத்தது பாதம். பைக்கில் வலது கால் பின்பிரேக்கையும் இடது கால் கியரையும் உணர வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், ஓரிரு நொடி தொடட்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. 9 வருடச் சர்க்கரையே அதற்குக் காரணமாகலாம். மெட்பார்மின் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்தும் இதே மரப்பு வரும். அது ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகக்கூடியது என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்போடு ஓட்டக்கூடாது. செருப்பு கழன்றதே தெரியாது. குதிகாலை மூடிய ஷூ, மெல்லிய ஆனால் வளையாத அடிப்பகுதி, அளவு சரியாக. இன்னொன்று, சைலன்ஸர். வண்டி வலப்பக்கம் சாய்ந்து கெண்டைக்கால் பட்டால் மரத்த காலுக்குச் சூடு உறைக்காது. கொப்புளத்தை மறுநாள்தான் பார்ப்பீர்கள். முழுக்கால் பேன்ட் போடுங்கள். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் தடவ வேண்டாம்.

கழுத்து விஷயத்தில் உங்கள் ஊரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் நீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக் கறை வரும், பிறகு எலும்பு, தசைநார்களில் படிந்து முதுகையும் கழுத்தையும் இறுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-ல். அதற்கு முன்பு 40 வருடம் நீங்கள் குடித்தது கிணற்று நீரோ போர் தண்ணீரோவாகத்தான் இருந்திருக்கும். சிறுவயதிலிருந்தே பல்லில் கறை இருந்தால் டாக்டரிடம் சொல்லி, கழுத்து, இடுப்பு, முன்கை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சாதாரணக் கழுத்து எலும்புத் தேய்மானமாகவும் இருக்கலாம். படிந்த ஃபுளோரைடை எடுத்துவிட மருந்து இல்லை. காவிரித் தண்ணீருக்கு மாறினால் மேலும் ஏறாது, அவ்வளவுதான். முரட்டுத்தனமாகக் கழுத்தைச் சுழற்றும் பயிற்சியும், சொடக்கு எடுப்பதும் உங்களுக்குக் கூடவே கூடாது. நடக்கும்போது கால் விறைக்கிறது, தடுமாறுகிறது, சட்டைப் பட்டன் போட விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் தண்டுவடம் நெருக்கப்படுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். பாத மரப்புக்கும் அதுவே காரணமாகிவிடலாம். அப்படியானால் வண்டியை ஒதுக்கிவிட்டு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

வெறும் இறுக்கம்தான் என்றால் சமாளிக்கலாம். இரண்டு பக்கக் கண்ணாடியும் வண்டியில் இருக்க வேண்டும். (வண்டி வாங்கிய வாரமே கண்ணாடியைக் கழற்றுவது நம் பையன்களின் வழக்கம். உங்கள் மகனும் கழற்றியிருப்பான்.) உட்கார்ந்த நிலையில் உங்கள் தோளோ முழங்கையோ கண்ணாடியின் உள்ஓரத்தில் கொஞ்சமாகத் தெரிந்து, மீதி முழுக்கப் பின்சாலை தெரிகிறபடி திருப்பி வையுங்கள். திரும்பும் முன் கழுத்தை மட்டும் திருப்பாமல் இடுப்பிலிருந்து தோளோடு திரும்பிப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, எடை குறைந்த ஹெல்மெட்டாகப் பாருங்கள். கனமான ஹெல்மெட் இறுகிய கழுத்துக்கு வலி சேர்க்கும்.

கை மதமதப்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சகஜம். மெக்கானிக்கிடம் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். இறுகிய கேபிள்தான் பாதிக் கைவலிக்குக் காரணம். இரவில் மதமதப்பு எழுப்பிவிட்டால் மணிக்கட்டுப் பட்டை போட்டுத் தூங்குங்கள்.

இனி வண்டி சாய்ந்த விஷயம். திரும்பும்போது, மெதுவான வேகத்தில், மண் தரையில் சாய்ந்தது என்றால் பெரும்பாலும் ஹேண்டில் வளைந்திருக்கும்போது முன்பிரேக்கைப் பிடித்திருப்பீர்கள். திருப்பத்தில் பின்பிரேக் மட்டும். ஹேண்டில் நேரான பிறகுதான் முன்பிரேக், அதுவும் இரண்டு விரலால். பயத்தில் கை இறுகும்போது ஆக்சிலேட்டரும் சேர்ந்து முறுகும். அதனால் எது நடந்தாலும் முதலில் கிளட்சைப் பிடிக்கப் பழகுங்கள். முதல் இரண்டு நாள் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளுவதும் நிறுத்துவதும் மட்டும். பிறகு முதல் கியரில், இரண்டு காலும் தரையில், கிளட்சை விட விட வண்டி எந்த இடத்தில் நகரத் தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, அங்கேயே பிடித்து நிறுத்துங்கள். இதை 20 முறை செய்த பிறகு ஃபுட்ரெஸ்டில் கால் வைக்கலாம். 20 நிமிடத்துக்கு ஒரு ஓய்வு. சாயும் வண்டியைக் காலால் தாங்காதீர்கள். 110 கிலோ மரத்த பாதத்தில் விழுந்தால் எலும்பு உடையும். விழட்டும், எஞ்சினை அணையுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டிலிலும் ஒரு கை பின்கம்பியிலும் வைத்து, காலால் பின்னோக்கி அடியெடுத்து வைத்து நிமிர்த்துங்கள். குனிந்து தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். நாலுவழிச் சாலையும் தொப்பூர் கணவாயும் இந்த வருடம் வேண்டாம். சளிக்குப் போடும் மாத்திரை தூக்கம் தரும், அன்று வண்டி எடுக்காதீர்கள்.

விழித்திரைப் பரிசோதனை வருடம் ஒருமுறை அவசியம். மூக்குக்கண்ணாடி அணிந்தோ அணியாமலோ பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியவேண்டும் என்பது உரிமப் படிவத்திலேயே உள்ள கேள்வி. 40 வயதைக் கடந்தவர்கள் எல்எல்ஆர் என்கிற பழகுநர் உரிமத்துக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்து வாங்கும்போது நடுங்கி வியர்த்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். 50-லிருந்து 55-க்குள் உரிமம் எடுத்தால் அது 60 வயது வரை செல்லும்.