ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய கிராங்க், ஜீப்பின் பழைய கியர் பாக்ஸோடு சேருமா?

கேள்வி: கோத்தகிரியில் ஓடும் பழைய டீசல் ஜீப்பில் கிராங்க் உடைந்துவிட்டது. அதே இன்ஜின், ஆனால் ஜெனரேட்டரில் இருந்த கிராங்க் ஒன்று கிடைக்கிறது. இருக்கிற கியர் பாக்ஸை அப்படியே மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் பேரிங்கில் உட்காரும் ஜர்னல்களின் அளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். கியர் பாக்ஸுக்குச் சம்பந்தப்பட்டது கிராங்கின் பின்முனைதான். பிளைவீல் உட்காரும் முகம், போல்ட் துளைகள், நட்ட நடுவில் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் ஏறும் துளை, இந்த மூன்றையும் பாருங்கள். ஜெனரேட்டருக்கும் பம்ப் செட்டுக்கும் போன கிராங்குகளில் அந்த நடுத்துளையைச் சில நேரம் கடையாமலே விட்டிருப்பார்கள், அல்லது ஆழம் போதாது. அங்கே இன்புட் ஷாஃப்ட் வந்து நுழைய வேலையே இல்லையே.

துளை இல்லையென்றால் லேத்தில் கடையலாம். பின் மெயின் ஜர்னலில் டயல் கேஜ் வைத்து மையம் பிடித்துக் கடைய வேண்டும். ஓட்டம், அதாவது சுற்றும்போது மையம் விலகும் அளவு, 0.03 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கிரைண்டிங்கும் இதுவும் எப்படியும் கோயம்புத்தூரில்தான் நடக்கும். மலையிலிருந்து இறங்கும்போதே கிராங்கோடு பிளைவீல், பிரஷர் பிளேட், முடிந்தால் இன்புட் ஷாஃப்டையும் எடுத்துப் போங்கள். வாயால் சொன்ன அளவுக்குக் கடைந்து வாங்கினால் இன்னொரு முறை இறங்கி ஏற வேண்டிவரும்.

புஷ்ஷை அடித்து ஏற்றியதும் அதன் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகுதான் அளக்க வேண்டும். ஷாஃப்டின் முனையான மூக்கு 15 மி.மீ. என்றால் புஷ் 15.05 அளவில் நிற்கட்டும். ஆயில் உறிஞ்சும் வகைப் புஷ்ஷை இரவு முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். மலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும், லேசாகச் சூடாக்கி ஊற்றுங்கள். கிரீஸ் வேண்டாம், அது புஷ்ஷின் துளைகளை அடைத்துவிடும்.

இனி ஆழம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஷாஃப்ட் மூக்கு துளையின் அடியில் முட்டினால், கியர் பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டை இறுக்க இறுக்க அது கிராங்கை முன்னால் தள்ளும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் ஓடும். கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் மட்டும் சீக்கிரமே தேய்ந்து கருகிவிடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. கிளட்ச் பிளேட் போடாமல், துளையின் அடியில் கொஞ்சம் களிமண் உருண்டை வைத்துக் கியர் பாக்ஸை ஒருமுறை முழுதாக ஏற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய மண் 3 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதே சமயம் மூக்கின் நேரான பகுதி புஷ்ஷுக்குள் 10 மி.மீ.யாவது உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இடம் போதவில்லையென்றால் துளையை ஆழப்படுத்துவதே நல்லது. ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் தகடு வைக்கச் சொல்வார்கள். அதைச் செய்தால் ஸ்டார்ட்டர் பல் சேர்வதும் கிளட்ச்சை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கின் தூரமும் மாறி, ஒரு தொல்லைக்கு மூன்று தொல்லை.

கிராங்க் முன்பின் நகரும் இடைவெளியான எண்ட் பிளே பொதுவாக 0.10 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் இன்ஜினுக்கான கணக்கை மேனுவலில் பாருங்கள். கியர் பாக்ஸ் ஏற்றும் முன் ஒருமுறை, போல்ட் எல்லாம் இறுக்கிய பின் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ முட்டுகிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை தரம் கிளட்ச் மிதிப்போம்? ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் முன்னால் போய் அந்த வாஷரில்தான் சாய்கிறது. சமவெளி வண்டியைவிட இங்கே எண்ட் பிளேயைக் கீழளவை ஒட்டி வைப்பதே என் விருப்பம்.

பிளைவீல் உங்கள் ஜீப்புடையதே போதும். அதன் நடு வளையம் கிராங்க் முகத்தில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். போல்ட் அதை மையத்தில் பிடிக்காது. முக ஓட்டம் ஓரத்தில் 0.15 மி.மீ.க்குள் இருக்கட்டும். அளக்கும்போது கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடித்துச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் எண்ட் பிளேயும் சேர்ந்து கணக்கில் வரும். போல்ட் துளை கிராங்க் கேஸ் வரை திறந்திருந்தால் மரையில் சீலன்ட் தடவுங்கள். அந்த வழியாகக் கசியும் ஆயிலைப் பார்த்து ஆயில் சீலைக் குறை சொல்வார்கள்.

பிளாக்கும் ஹவுசிங்கும் பழையவையே என்றால் ஹவுசிங் மையம் பார்க்கத் தேவையில்லை. ஏற்றும்போது கியர் பாக்ஸின் எடையைக் கிளட்ச் பிளேட்டில் தொங்கவிடக் கூடாது. கையால் தள்ளியே முகம் முகத்தோடு சேர வேண்டும். சேராத பாக்ஸைப் போல்ட்டால் இழுத்தால் பிளேட்டின் நடுப்பகுதி கோணிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது, ஊட்டியின் டிசம்பர் காலையில் முதல் சில நிமிடம் கியர் கனமாக விழுந்தால் அது ஆயில் கெட்டிப்பட்டதால் இருக்கலாம். சூடேறிய பிறகும் கிளட்ச்சை முழுதாக மிதித்து ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால், முதலில் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் புஷ் ஷாஃப்டைப் பிடிப்பதாக இருக்கலாம், பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.