கடை வைஃபையில் ஜிபே செய்தால் பணம் போய்விடுமா?

கேள்வி: மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில் துணி எடுத்தேன். பில் போடும் இடத்தில் சிக்னலே இல்லை. "எங்க வைஃபைல கனெக்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்றார்கள். பெயர், போன் நம்பர், பிறந்த தேதி, ஓடிபி எல்லாம் கேட்டது. கொடுத்து, ஜிபேயில் பணமும் கட்டிவிட்டேன். பொது வைஃபையில் பணம் அனுப்பவே கூடாது என்கிறான் மகன். என் கணக்குக்கு ஆபத்து உண்டா? அன்றிலிருந்து தினமும் ஆஃபர் மெசேஜ் வேறு வருகிறது.

பதில்: பணத்தைப் பற்றிய பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். யுபிஐ செயலி உங்கள் போனிலிருந்து அனுப்பும் எதையும் பூட்டித்தான் அனுப்புகிறது. கடையின் ரவுட்டருக்கு ஏதோ போகிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது. பின் நம்பர் தட்டும் திரை ஜிபேயோ போன்பேயோ செய்ததுகூட அல்ல, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் கொடுத்தது. பின் அங்கேயே பூட்டப்பட்டுவிடும். தவிர, யுபிஐ உங்கள் சிம்மோடும் அந்தப் போனோடும் கட்டப்பட்டிருக்கிறது. பின் மட்டும் தெரிந்தவரால் இன்னொரு போனிலிருந்து அனுப்ப முடியாது. பில் கவுன்டரில் பின் கசிய வழி இருக்கிறதென்றால், அது தலைக்கு மேலே இருக்கும் கேமராவும் வரிசையில் பின்னால் நிற்பவரின் கண்ணும்தான். கையால் மறைத்துத் தட்டுங்கள்.

மகன் சொல்வதும் ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 2010இல் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு குட்டிச் செயலி வந்தது. ஒரே வைஃபையில் இருக்கும் அடுத்தவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழைய முடிந்தது. அப்போது பல தளங்கள் பாஸ்வேர்டு போடும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தே விட்டிருந்தன. இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறைக்கு மாறிவிட்டன. அறிவுரைதான் இன்னும் 2010இலேயே நிற்கிறது.

அதே போல இன்னொரு தப்பான நம்பிக்கை: பாஸ்வேர்டு உள்ள வைஃபை பாதுகாப்பானது என்பது. பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டி வைத்தால், அது கடைக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர், உங்கள் போன் இணையும் நொடியின் அலைகளைப் பதிவு செய்துகொண்டால் வைஃபையின் பூட்டைத் திறந்துவிட முடியும். உங்களைக் காப்பது உள்ளே இருக்கும் எச்டிடிபிஎஸ் பூட்டுதான்.

அப்படியானால் திருட்டு எங்கே நடக்கிறது? நீங்களே கையால் நிரப்பிய அந்தப் பக்கத்தில்.

ஆஸ்திரேலியாவில் 2024 ஏப்ரலில், உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகமான வைஃபை ஒன்று தெரிவதாக ஊழியர்கள் புகார் கொடுத்தார்கள். பெர்த் விமான நிலையத்தில் ஒரு பயணியின் கைப்பையைச் சோதித்தபோது கையடக்க வைஃபை கருவி, லேப்டாப், மொபைல் மூன்றும் கிடைத்தன. அசல் வைஃபையின் பெயரிலேயே போலி ஒன்றை விரித்து, இணைந்தவர்களிடம் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கால் உள்ளே வரச் சொல்லும் பக்கத்தைக் காட்டினார் என்பது போலீஸ் வைத்த குற்றச்சாட்டு. எந்தப் பூட்டையும் உடைக்கத் தேவையே இருக்கவில்லை; மக்களே தட்டிக் கொடுத்தார்கள். வைஃபைக்குப் பெயர் வைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கடைப் பெயரில் இரண்டு வைஃபை தெரிந்தால் எது அசல் என்று போனுக்குத் தெரியாது. ஆகவே பெயரை எழுத்து எழுத்தாகக் கவுன்டரில் கேட்டுச் சரிபாருங்கள்.

நம் ஊரில் போன் நம்பரும் ஓடிபியும் கேட்பதில் தப்பில்லை. பொது வைஃபையில் யார் நுழைந்தார் என்பது பதிவாக வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009லேயே உத்தரவிட்டது. பெயர், பிறந்த தேதி, திருமண நாள் எல்லாம் கடையின் விளம்பரப் பிரிவு தானாகச் சேர்த்துக்கொண்டது. விட்டுவிடலாம். விடாமல் கேட்டால் ஜனவரி 1 என்று போடுங்கள். பிறந்த நாள் வாழ்த்தோடு கூப்பன் வராது, அவ்வளவுதான். கீழே பொடி எழுத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் "சலுகைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பவும்" என்பதை எடுத்துவிட்டு மேலே போங்கள்.

ஓடிபி வந்ததும் இரண்டு நொடி நிற்க வேண்டும். போன் தானாக நிரப்பிக் காட்டும் எண்ணைத் தட்டாமல், மெசேஜைத் திறந்து வாசியுங்கள். வைஃபைக்கான ஓடிபி என்றால் கடையின் பெயரோ வைஃபை நிறுவனத்தின் பெயரோ இருக்கும். "உங்கள் வாட்ஸ்அப் கோடு, யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று ஆறு இலக்க எண் வந்திருந்தால், நீங்கள் நம்பரைத் தட்டிய அதே நேரத்தில் யாரோ உங்கள் நம்பரை அவர் போனின் வாட்ஸ்அப்பில் தட்டியிருக்கிறார். அந்த எண்ணை அந்தப் பக்கத்தில் போட்டால் உங்கள் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் ஒன்று வைத்துவிட்டால், ஓடிபி மட்டும் கிடைத்தவர் உள்ளே வர முடியாது.

வைஃபை பக்கம் கூகுள் அல்லது ஃபேஸ்புக் பாஸ்வேர்டு கேட்டால் மூடிவிடுங்கள். செயலி ஒன்றைத் தரவிறக்கச் சொன்னாலும், "சர்டிஃபிகேட்" அல்லது "புரொஃபைல்" நிறுவச் சொன்னாலும் அப்படியே. இதில் சர்டிஃபிகேட்தான் மோசம். அதை ஏற்றுவது பிரவுசரின் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்து கொடுப்பது போல.

வைஃபையில் இணைந்தும் உள்நுழைவுப் பக்கம் வராமல், எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை வருவதுண்டு. பெரும்பாலும் கடையின் பக்கம் குறுக்கே நிற்பதுதான் காரணம். அதற்காகத் "தொடர்க" என்பதை அழுத்தப் பழகாதீர்கள். நெவர்எஸ்எஸ்எல்.காம் என்ற பூட்டில்லாத தளத்தைத் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும்.

எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர் கடைக்குத் தெரியக்கூடும், அங்கே என்ன படித்தீர்கள் என்பது தெரியாது. போனிலிருந்து போவதையெல்லாம் இன்னொரு நிறுவனம் வழியாகப் பூட்டி அனுப்பும் விபிஎன் போட்டால் பெயரும் மறையும். ஆனால் கடைக்காரருக்குத் தெரிந்தது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். இலவச விபிஎன்னுக்குக் கடைக்காரரே மேல்.

வெளியே வந்ததும் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. ஆண்ட்ராய்டில் வைஃபை பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தையும், ஐபோனில் 'ஐ' குறியையும் தொட்டு "ஃபர்கெட்" கொடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத வைஃபையைப் போன் நினைவில் வைத்திருந்தால், அதே பெயரில் யார் எங்கே விரித்தாலும் உங்களைக் கேட்காமல் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபர்கெட் செய்ய மனமில்லை, அடிக்கடி போகும் கடை என்றால், அதே இடத்தில் ஆட்டோ-கனெக்ட்டை அணைத்துவிடுங்கள். ஐபோனில் அதன் பெயர் ஆட்டோ-ஜாயின். கூடவே மேக் முகவரி, அதாவது போன் வைஃபைக்குக் காட்டும் அடையாள எண், "ரேண்டம்" என்று இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் அது தானாகவே அப்படித்தான் இருக்கும்.

வைஃபையே வேண்டாம் என்றால் கீழ்த்தளத்தில் கார்டு போதும். அதற்கு உங்கள் போனில் சிக்னல் தேவையில்லை.

ஆஃபர் எஸ்எம்எஸ்ஸை நிறுத்த, ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று டைப் செய்து ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை அது தொடாது. அங்கே கடையின் சாட்டைத் திறந்து பிளாக் செய்ய வேண்டும். பிளாக் செய்யும் முன், அந்தக் கடையில் மாற்றக் கொடுத்த புடவைக்கான பில் அந்த சாட்டில்தான் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.